மூழ்கிப்போன டெல்டாவில் ஒரு முதல் நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில எழுத்தாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது உலகத்தில் நடக்கும் என் முதல் நாவல் வந்த பிறகு, கூட்டங்களிலும் மின்னஞ்சலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நாவலை இன்னும் படிக்காதவர்கள் முதல் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு கதை உடைபடும்.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2290-களின் காவிரி டெல்டா. கடல்மட்டம் 4 மீட்டர் ஏறிவிட்டது. இன்றைய மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கோ, கடல் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு ரெகுலேட்டர், அதாவது தண்ணீரைத் தடுத்தும் திறந்தும் விடும் மதகு. அதன் சட்டர்களை (கதவுகளை) ஏற்றி இறக்குபவருக்கு லஸ்கர் என்று பெயர். இங்கே அது ஒரு பெண், ஊரே அவளை லஸ்கரக்கா என்று கூப்பிடுகிறது. அவள் தம்பிக்குச் செவ்வாயில் வேலை. பூமியின் நிலவரைபடங்களை வைத்திருக்கும் ஆவணக் கூடத்தில் கடைநிலை எழுத்தர். ஒருநாள் தன் ஊர் இருக்கும் கட்டத்தைத் திறந்து பார்க்கிறான். அங்கே 'கடல்' என்று எழுதியிருக்கிறது.

கடல் என்று எழுதிய இடத்துக்கு விதை போகாது, மருந்து போகாது, மின்கலம் போகாது. ஊர் இருக்கிறது என்று அக்காவும் தம்பியும் ஓர் அலுவலகத்துக்கு நிரூபிக்கப் பார்ப்பதுதான் நாவல். உயிரோடு இருப்பவர் பெயரில் இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டால் எத்தனை படி ஏறி இறங்க வேண்டுமோ, அத்தனையும் ஓர் ஊருக்கே.

பொது உலகம் என்கிறீர்களே, அது யாருடையது?

எங்கள் எழுத்தாளர் குழுவுடையது. ஆறேழு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு மூலையில் எழுதுகிறோம், ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே எதிர்காலத்தில் நடக்கின்றன. ஒருவர் செவ்வாயில் ஒரு நகரத்தைக் கட்டினால் மற்றவர் கதையிலும் அந்த நகரம் அதே இடத்தில்தான் இருக்கும். இதற்கு ஒரு கையேடு உண்டு: ஆண்டு வரிசை, இடங்கள், எந்தத் தொழில்நுட்பம் உண்டு, எது கிடையாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒளியைவிட வேகமான பயணம் கிடையாது, வேற்றுக்கிரகவாசிகள் கிடையாது, செத்தவர் பிழைப்பது கிடையாது. கையேட்டைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் கணக்குப்பிள்ளை என்போம். அவருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. ஆனாலும் அதுதான் நிலைத்துவிட்டது.

உலக அளவில் இது புதிதல்ல. ஜெர்மனியில் 'பெரி ரோடான்' என்ற விண்வெளித் தொடர் 1961 முதல் வாரம் ஒரு சிறுநாவலாக வந்துகொண்டிருக்கிறது. கதைப்போக்கை ஒருவரோ இருவரோ திட்டமிட்டுத் தருவார்கள், ஒரு குழு முறைபோட்டு எழுதும். அவர்களோடு ஒப்பிட்டால் எங்களுடையது திண்ணைக் கூட்டம்தான்.

முந்தைய கதைகளைப் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். செவ்வாயில் மனிதர்கள் இருக்கிறார்கள், பணமும் அதிகாரமும் அங்கே போய்விட்டன என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். இரண்டும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். முந்தையவற்றைப் படித்தவர்களுக்கு எட்டாம் அத்தியாயத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் யாரென்று தெரியும். படிக்காதவர்களுக்கு அவர் ஒரு கிழவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தவர் உலகத்தில் எழுதுவது காப்பியடிப்பதுதானே?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சூடாகவே கேட்கிறார்கள். தமிழ் வாத்தியார்களும் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் இதற்கான விதியை எழுதிவைத்தவர் நம் பவணந்தியார். அவருடைய இலக்கண நூலான நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூலுக்கு அது சொல்லும் இலக்கணத்தைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் வருகிறவர் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சொல்லலாம், மரபு அழியக் கூடாது. எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். இதைவிடச் சுருக்கமாக எங்களால் எழுத முடியவில்லை.

அதற்கும் முன்னால், டெல்டாவிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் தொடங்குகிறது. கோவலன், மாதவி, இந்திர விழா, காவிரி கடலோடு சேரும் இடம். மாதவியின் மகளை எடுத்துக்கொண்டு சாத்தனார் மணிமேகலையை எழுதுகிறார். இளங்கோ சமணத் துறவி என்பது மரபு. சாத்தனாரின் நூலோ முழுக்கப் பௌத்தம். இரண்டு பேர், இரண்டு சமயப் பார்வை, ஆனால் அதே ஊர், அதே குடும்பம். இரண்டு நூல்களுக்கும் முன்னுரையாக வரும் பதிகங்களைப் பாருங்கள்: சிலம்பின் கதையைச் சாத்தனார் இளங்கோவுக்குச் சொல்கிறார், மணிமேகலையைச் சாத்தனார் பாட, இளங்கோ கேட்கிறார். இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து கதையை ஒத்துப்பார்த்த காட்சியாகத்தான் எனக்கு அது தெரிகிறது. காலத்தையும் வரிசையையும் பற்றி ஆய்வாளர்கள் வாதாடட்டும்.

இதில் எனக்குத் தனியாக ஒரு சுவாரசியம் உண்டு. முதலாமவர் கொண்டாட்டமாகக் காட்டிய ஊரை, இரண்டாமவர் இந்திர விழா நின்றுபோனதைக் காரணமாகச் சொல்லிக் கடலுக்குள் தள்ளிவிட்டார். இளங்கோவடிகள் என்ன நினைத்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காரணம் அடுத்த சில கேள்விகளில் வரும்.

முதல் நாவலையே ஏன் பொது உலகத்தில் எழுதினீர்கள்? சொந்தமாக ஓர் உலகம் படைத்திருக்கலாமே?

படைத்திருக்கலாம். ஆனால் தமிழில் அறிவியல் புனைகதைக்கு வாசகர் கூட்டம் பெரிதல்ல. அதிலும் பெயர் தெரியாதவர் எழுதிய முதல் நாவலை யார் எடுப்பார்? பொது உலகத்தில் எழுதினால், மற்றவர்களின் கதைகளைப் படித்த ஐம்பது பேராவது புரட்டிப் பார்ப்பார்கள். பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர் 1989-இல் நின்ற பிறகு, 1991 முதல் அதே உலகத்தில் ஒரு நாவல் வரிசை வந்தது. அதற்கு முன் நாவலே எழுதியிராதவர்களும் கைப்பிரதி அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். அங்கே முதல் நாவல் எழுதிய சிலர் பிறகு பெயர்பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். அந்தக் கதவுதான் எனக்கும் தேவைப்பட்டது.

இது வியாபாரக் காரணம். இன்னொரு காரணம் கோபம்.

என்ன கோபம்?

எங்கள் உலகத்தின் முதல் கதையை எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனிதர். அந்தக் கதையில் செவ்வாயில் பிறந்த ஒரு சிறுவன் பள்ளியில் பூமியைப் பற்றிய பாடத்தை வாசிக்கிறான். பாடத்தில் ஒரு வரி: காவிரிப் படுகை கடலாகிவிட்டது, அங்கே மனிதர் யாரும் இல்லை. அவ்வளவுதான். அண்ணனுக்கு ஒரு பழைய ஊர் அழிந்த சோகம் வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது எங்கள் ஊர். அவர் ஊர் நொய்யலும் காவிரியில்தான் போய்ச் சேருகிறது என்று பிறகு ஞாபகப்படுத்தினேன்.

நான் கடைமடைக்காரப் பிள்ளை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குக் கடைசியாக வரும், சில வருஷம் வராது. மேலே யாரோ ஒரு கணக்கை எழுத, கீழே ஓர் ஊர் இல்லாமல் போவது எங்களுக்குப் பழகிய சமாச்சாரம். கதையிலுமா என்று இருந்தது.

அப்படியென்றால் அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?

கேட்டேன். கணக்குப்பிள்ளை மறுத்துவிட்டார். அச்சில் வந்தது மாறாது என்பது விதி. அதோடு, அண்ணனின் பிந்தைய கதை ஒன்று 2310-இல் நடக்கிறது. அதிலும் டெல்டா கடல் என்றே வருகிறது. ஆக, என் கதைக்கு முன்னாலும் பின்னாலும் டெல்டா கடல்தான். நடுவில் அதை நிலமாக்க எனக்கு இடமே இல்லை.

ஆனால் கையேட்டில் இன்னொரு விதி உண்டு. கதைசொல்லி சொன்னது உண்மை. ஒரு பாத்திரமோ ஆவணமோ சொன்னது, சொல்லப்பட்டது என்பது மட்டுமே உண்மை. அண்ணனின் வரி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் பொய் சொல்லலாம். சரி, அப்படியென்றால் அந்தப் பொய் எப்படி உள்ளே வந்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் நாவல். அந்த ஒரு வரி இல்லையென்றால் நான் நம் ஊரைப் பற்றி இன்னொரு ஏக்கக் கதை எழுதியிருப்பேன். அதைப் படிக்கிற கொடுமையிலிருந்து நீங்கள் தப்பினீர்கள்.

ஒரு மாவட்டம் முழுக்க மனிதர் வாழும்போது செயற்கைக்கோள் அதைக் கடல் என்று காட்டுமா? நம்பும்படி இல்லையே.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சம்பா நடவு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். அப்போது வானம் மேகமாகவே இருக்கும். சாதாரணக் கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு மேகத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் தடையில்லை. ஆனால் ரேடார் பார்ப்பது நிறத்தை அல்ல, தான் அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான். கட்டடமும் மரமும் அலையைத் திருப்பி அனுப்பும். சலனமில்லாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் வயலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தச் சில வாரங்களுக்கு ஏரியும் வயலும் ரேடாருக்கு ஒன்றுதான். பயிர் வளர வளரப் படம் வெளுக்கும். இன்றைக்கு நெல் எங்கே பயிராகிறது என்று ரேடார் படங்களை வைத்துக் கணக்கெடுப்பவர்கள் இந்த மாற்றத்தைத்தான் தேடுகிறார்கள். முதலில் கறுப்பு, பிறகு வெளுப்பு என்றால் நெல். எப்போதும் கறுப்பு என்றால் நீர்நிலை.

ஆகவே ஒரே ஒரு படத்தை, அதுவும் நடவு நேரத்தில் எடுத்ததை, வைத்துக்கொண்டு முடிவு செய்தால் போதும், டெல்டா கடலாகிவிடும். நாவலில் செவ்வாயில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி அதைத்தான் செய்கிறார். கெட்டவர் அல்ல. அவருக்கு அந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டிய கட்டங்கள் நிறைய. ஒரு கட்டத்தில் பாதிக்குமேல் தண்ணீர் என்றால் கடல் என்று எழுது என்பது அவர் அலுவலக விதி. அந்த விதி என் கற்பனை. ரேடாரின் குணம் கற்பனையில்லை.

தம்பி செய்ய வேண்டியது ஒன்றுதான்: தை மாதத்தில், கதிர் முற்றிய நேரத்தில் இன்னொரு படம் எடுக்க வைப்பது. அந்த ஒரு படத்துக்கு 200 பக்கம் ஆகிறது. அலுவலகம் என்றால் அப்படித்தான்.

கடல் 4 மீட்டர் ஏறும் என்பது பயமுறுத்தலா, அறிவியலா?

காலநிலை மாற்றத்துக்கான ஐநா பன்னாட்டுக் குழுவின் 2021 அறிக்கையில் இருந்து எடுத்தது. கரியமில வாயு வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடர்ந்தால், 2100-க்குள் கடல்மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர்வரை ஏறலாம் என்றும், 2300-க்குள் 1.7 முதல் 6.8 மீட்டர்வரை ஏறலாம் என்றும் அது சொல்கிறது. துருவப் பனி எதிர்பார்த்ததைவிட வேகமாக உடைந்தால் இன்னும் கூடலாம். நாங்கள் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்தோம். வெளியேற்றம் குறைந்தால் இந்த எண்களும் வெகுவாகக் குறையும். எங்கள் உலகத்தில் குறையவில்லை.

டெல்டாவுக்கு இதோடு இன்னொரு தொல்லை உண்டு. வண்டல் மண்ணால் ஆன நிலம் தன் எடையாலேயே மெல்ல அமுங்கும். ஆறு புது வண்டலைக் கொண்டுவந்து போட்டால் ஈடாகும். 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து, அதற்கு மேலே கர்நாடகத்திலும் அணைகள் வந்ததிலிருந்து, வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. கடல் மேலே வர, நிலம் கீழே போகிறது.

ஆனால் கடல் ஒரு கோடு போட்டுக்கொண்டு நேராக வராது. டெல்டாவில் ஆற்றங்கரைகள் வயலைவிட உயரம். ஆறு காலங்காலமாகப் பொங்கி மண் கொட்டிய இடங்கள் அவை. வேதாரண்யம் பக்கம் பழைய கடற்கரைகளின் மணல்மேடுகள் வரிசையாக உண்டு. ஊர்ப்பெயர்களில் திடல், மேடு என்று வருவதைப் பாருங்கள். கடல் வந்தால் முதலில் பள்ளங்கள் போகும். மேடுகள் தீவுகளாக நிற்கும். அந்தத் தீவுகளில்தான் நாவலின் சனங்கள் இருக்கிறார்கள்.

உப்புத் தண்ணீரில் நெல் எப்படி விளைகிறது?

கடல்நீரில் விளையாது. ஆனால் கேரளத்தில் பொக்காளி வயல்கள் என்று உண்டு. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் உப்பை அடித்துக்கொண்டு போகும்போது நெல், மழை நின்று உப்பு ஏறியதும் அதே வயலில் இறால். அந்த முறையை அப்படியே வடகிழக்குப் பருவமழைக்கு மாற்றி டெல்டாவுக்குக் கொண்டுவந்தேன். உப்பைத் தாங்கும் பாரம்பரிய ரகங்கள் நம் கடலோரத்திலும் உண்டு. குழியடிச்சான் என்ற பெயர் நாவலில் வருவது அதனால். வெள்ளத்துக்கும் தீர்வு இருக்கிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த 'சப் 1' என்ற மரபணு, பயிர் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம்போல் தாக்குப்பிடிக்க வைக்கிறது. அது சேர்ந்த சிஆர் 1009 நெல்லை இன்றைக்கே டெல்டாவில் போடுகிறார்கள். 300 வருஷத்தில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் நான் ஊகித்தேன்.

குறுவை ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பும் இல்லை, அதை நம்பிப் போடும் குறுகிய கால நெல்லான குறுவையும் இல்லை. கையேட்டின்படி மேட்டூர் அணைக்குள் பாதிக்குமேல் மண். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதெல்லாம் நாவலில் ஒரு தாத்தாவின் பேச்சாக மட்டும் வருகிறது.

அக்காவும் தம்பியும் ஏன் சில அத்தியாயங்களில் தினமும் பேசுகிறார்கள், சில அத்தியாயங்களில் மாதக்கணக்கில் பேசுவதில்லை?

இதைக் கவனித்த வாசகருக்கு நன்றி. பதிப்பாசிரியர்கூடக் கவனிக்கவில்லை.

கடைமடை ரெகுலேட்டரின் வேலை இதுதான்: மழை வெள்ளம் வடிய வேண்டும், கடல் உள்ளே வரக் கூடாது. ஆக, ஓதம் (கடல்நீரின் தினசரி ஏற்ற இறக்கம்) இறங்கும்போது சட்டரை ஏற்ற வேண்டும், ஓதம் ஏறும்போது இறக்க வேண்டும். ஓதம் நிலவின் கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் லஸ்கரக்காவின் நாள் 24 மணி 50 நிமிடம். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம். தம்பியின் வேலைநேரம் அந்தக் கணக்கில். இரண்டுமே நம் கடிகாரத்தைவிட நீளம், ஆனால் ஒன்றல்ல. தினம் சுமார் 11 நிமிட வித்தியாசம். இருவரும் ஓய்வாக இருக்கும் நேரம் ஒரு காலத்தில் ஒத்துவரும், பிறகு மெல்ல விலகும், ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கும் நிலைக்குப் போகும், மறுபடி ஒத்துவர மொத்தம் ஏறத்தாழ 140 நாள் ஆகும். அத்தியாயங்களை அந்தச் சுற்றின்படி அடுக்கினேன்.

செவ்வாய் நாளின்படி வாழ்வது கற்பனையுமில்லை. 2004-இல் அமெரிக்காவின் இரண்டு ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது, அவற்றை இயக்கியவர்கள் கலிபோர்னியாவில் இருந்துகொண்டே செவ்வாய் நேரப்படி வேலைக்கு வந்தார்கள். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ.

இதற்கு மேல் தாமதம் வேறு. ஒரு சேதி போய்ச் சேர, இரண்டு கிரகங்களும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஆகவே பேச்சு என்பது உரையாடலே அல்ல, குரல் கடிதம். 'சாப்பிட்டியாடா' என்று அக்கா கேட்டால், பதில் வருவதற்குள் அவள் வேறு நான்கு விஷயம் சொல்லி முடித்திருப்பாள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கு ஒலிநாடாவில் பேசிப் பதிந்து அனுப்பிய தலைமுறை நம் ஊரில் உண்டு. இந்தப் பகுதியை எழுத எனக்கு அறிவியல் தேவைப்படவில்லை.

லஸ்கரக்கா உண்மையில் யார்?

யாருமில்லை. ஓய்வுபெற்ற லஸ்கர்கள் சிலரிடம் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் எல்லாரும் ஆண்கள்.

கடைசியில் ஏன் தோற்கிறார்கள்? தை மாதப் படம் கிடைத்த பிறகும்?

அதிகமாகத் திட்டு வாங்கித்தந்த கேள்வி. 2310-இல் டெல்டா கடலாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? கோப்பு மாறக் கூடாது என்பது எனக்கு முன்பே முடிவான விஷயம். கோப்பு ஏன் மாறவில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மனு தொலைந்தது, அதிகாரி மாறினார் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் சப்பென்று இருந்தன.

பிறகு லஸ்கரக்கா இருக்கும் இடத்தில் இருந்து யோசித்தேன். கடல் என்று எழுதிய இடத்துக்கு மருந்து வராது, உண்மைதான். ஆனால் தீர்வையும் வராது, கையகப்படுத்தலும் வராது, துரப்பணக் கருவியும் வராது. படம் கைக்கு வந்த பிறகு அவள் தம்பியிடம் மனுவைத் திரும்பப் பெறச் சொல்கிறாள். அவனுக்குத் தாங்கவில்லை. பாதி வாசகர்களுக்கும் தாங்கவில்லை. எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. ஆனால் தோல்வி என்று படித்தவர்களோடு சண்டை போட மாட்டேன், பிரசவத்தில் மருந்தில்லாமல் செத்த பெண் ஒருத்தி பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர்களும் லஸ்கரக்காவோடு சண்டை போடுகிறார்கள்.

இது ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு நாவலா?

டெல்டாக்காரர் எழுதும்போது 2017 நெடுவாசல் போராட்டமும், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டமும் மனத்தில் இல்லாமல் எழுத முடியாது. ஆனால் நாவல் அந்த வாதத்தை வைக்கவில்லை. ஆவணத்தில் இருப்பது பாதுகாப்பா, இல்லாதது பாதுகாப்பா என்பதுதான் அதன் கேள்வி. சட்டப் புத்தகத்தில் பெயர் ஏறியது நல்லது என்றுதான் நான் தனிப்பட்ட முறையில் நினைக்கிறேன். லஸ்கரக்கா வேறு மாதிரி நினைக்கிறாள்.

உரிமை யாருக்கு? பணம் எப்படிப் பங்கு? நாங்களும் இப்படி ஒரு குழு தொடங்கலாமென்று இருக்கிறோம்.

தொடங்குவதற்கு முன் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பாகத் தொடங்குவதால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, கதையை எழுதியவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். உரிமை அவர் வாழ்நாள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் உண்டு. வெறும் எண்ணத்துக்கு உரிமை கிடையாது. எண்ணத்தை எப்படி எழுதினீர்கள் என்பதற்குத்தான் உண்டு. 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'கடலில் மூழ்கிய டெல்டா' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்; எங்கள் கையேட்டின் வாசகங்களை எடுக்க முடியாது.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இந்த இரண்டு வரிகளைத் தெரிந்துகொள்ளாமல் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடாதீர்கள். உரிமையை விற்ற பிறகும், எழுதியது நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயரைக் கெடுக்கும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. கதை எழுதியவருக்கு. கையேடு எல்லாருக்கும் பொது. என் நாவலின் உரிமைத்தொகையில் ஒரு சிறு பங்கு கையேட்டுக் கணக்குக்குப் போகிறது. அதில் அச்சுக்கூலி, அட்டை ஓவியம், கணக்குப்பிள்ளைக்கு தீபாவளிக்கு ஒரு வேட்டி.

நான் உங்கள் உலகத்தில் ஒரு கதை எழுதலாமா?

முதலில் ஒரு சிறுகதை அனுப்புங்கள். நகரத்தையே வெடிக்க வைக்கும் கதை வேண்டாம். எல்லாரும் முதலில் அதைத்தான் அனுப்புகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியை எடுத்து, அது எப்படி அங்கே வந்தது என்று எழுதிப் பாருங்கள். செவ்வாய்ப் பாடப்புத்தகத்தில் இன்னும் எத்தனையோ வரிகள் இருக்கின்றன. இராமநாதபுரத்தைப் பற்றி ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கத்துக்காரர் யாராவது கோபப்படுவார் என்று காத்திருக்கிறோம்.

வேறொரு எழுத்தாளர் லஸ்கரக்காவைச் சாகடித்துவிட்டால்?

முதன்மைப் பாத்திரங்களைக் கொல்ல, ஊனமாக்க, கல்யாணம் பண்ணிவைக்க, அவர்களை உருவாக்கியவரின் சம்மதம் வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. கல்யாணத்தைச் சேர்க்கச் சொன்னது நான். மற்றபடி அவள் எந்தக் கதையிலும் வந்து போகலாம். கோயம்புத்தூர் அண்ணன் அவளை 2310-க்குக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும், ஓதக் கணக்கை மட்டும் தப்பாகப் போடக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்திருக்கிறேன்.